செவ்வாத்தூர்: கல்லில் பிழிந்த எலுமிச்சை

காட்பாடியில் ரயில் ஏறியதிலிருந்து நண்பனுக்கு ஒரே கேள்வி: "ஏலகிரி எரிமலையா?" இல்லை. அது பூமிக்கடியிலேயே குழம்பு ஆறி இறுகிய, கிரானைட் போன்ற சையனைட் பாறை. மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போனதால் இப்போது மலையாகத் தெரிகிறது. நாங்கள் கிளம்பியது செவ்வாத்தூருக்கு. திருப்பத்தூர் பக்கம், 2019 வரை வேலூர் மாவட்டம், அதற்கும் முன் வட ஆற்காடு. ஜோலார்பேட்டையில் இறங்கி பஸ், அப்புறம் ஆட்டோ.

அங்கே இருப்பது குழம்பு உறைந்து உண்டான கார்பனடைட் என்னும் அபூர்வப் பாறை. பொதுவாக எரிமலைக் குழம்பில் சிலிக்காதான் (மணலில் இருக்கும் அதே பொருள்) எல்லாவற்றையும் தீர்மானிக்கும். சிலிக்கா குறைந்தால் குழம்பு இளகி ஓடும், வாயு சுலபமாகப் பிரிந்துவிடும்; ஹவாயின் கிலாவேயா அந்த ரகம். கூடினால் கேழ்வரகுக் களி மாதிரி கெட்டிப்பட்டு, வாயு உள்ளேயே சிக்கி, கடைசியில் வெடிக்கும். 1991இல் பிலிப்பைன்ஸின் பினடுபோ வெடித்தபோது சாம்பல் சுமார் 35 கி.மீ. உயரம் போனது. நுரைக்கல் கொட்டியது, கொதிக்கும் வாயுவும் சாம்பலும் பள்ளத்தாக்குகளை மூடின. கந்தக டை ஆக்சைடு உலக வெப்பத்தையே அரை டிகிரி அளவுக்குக் கொஞ்ச காலம் குறைத்து வைத்தது.

கார்பனடைட் இந்தக் கணக்கிலேயே வராது. அதில் சிலிக்கா சொற்பம், பெரும்பகுதி கார்பனேட், சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் வகை. இன்று அப்படிக் கக்கும் ஒரே எரிமலை தான்சானியாவின் ஓல் தோய்ன்யோ லெங்காய். குழம்பின் சூடு 500 முதல் 600 டிகிரிதான், ஹவாயில் ஓடும் பசால்ட் குழம்பின் சூட்டில் ஏறக்குறைய பாதி. கருப்பாகத் தண்ணீர் வேகத்தில் ஓடி, ஈரக்காற்று பட்டதும் வெளுத்துவிடும். செவ்வாத்தூரில் இருப்பது சுமார் 80 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்துக்கடியில் உறைந்த குழம்பு.

வரப்போரம் கிடந்த வெளிர்க் கல் ஒன்றை ஆணியால் சுரண்டி, அந்தத் தூளில் எலுமிச்சை பிழிந்தேன். பொடிப்பொடியாக நுரை கட்டியது. கார்பனேட்டில் அமிலம் பட்டதும் வெளியேறும் கரியமில வாயு! ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா பக்கத்தில் வந்து, "இன்னா தம்பி, கல்லுக்கு திருஷ்டி கழிக்கிறியா?" என்றார். நண்பன் சிரித்த சிரிப்பில் ஆடுகள் மிரண்டன.

தமிழக அரசின் கனிம நிறுவனமான டாமின் இங்கே வெர்மிகுலைட் எடுக்கிறது. மாடித்தோட்டப் பைகளில் கலப்பார்களே, அதுதான். பாதையில் கிடந்த செம்பு நிற வெர்மிகுலைட் செதில் ஒன்றைக் குறடில் பிடித்து லைட்டரில் காட்டினோம். ஏடுகளுக்கு நடுவே இருந்த நீர் ஆவியாகி, செதில் நெளிந்து நெளிந்து பல மடங்கு உப்பியது. லெங்காயைவிட எனக்கு இதுதான் பிடித்தது.

போகிறவர்கள் மே மாதத்தைத் தவிருங்கள், நிழலே கிடையாது. சுரங்கத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம்.