ஒரு சபாநாயகர் நாற்காலி, மூன்று பேர்

தலைவர் ஒருவரின் அந்தரங்கம் அம்பலமானதும் ‘ஒழுக்கம் கெட்டவர்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். கள்ள உறவு, பொய்ச்சாட்சி, சிறுவர்களைச் சீரழித்தல் எல்லாம் அந்த ஒரே மூட்டைக்குள் போய்விடுகின்றன. இது எவ்வளவு ஆபத்து என்பதற்கு 1998இன் அமெரிக்காவைப் பார்க்கலாம்.

மோனிகா லெவின்ஸ்கியுடன் அன்றைய அதிபர் பில் கிளிண்டனுக்கு இருந்த உறவு வேறு, அதைப் பற்றி அவர் சொன்ன பொய் வேறு. பவுலா ஜோன்ஸ் என்ற பெண் அவர்மீது தொடர்ந்த பாலியல் துன்புறுத்தல் வழக்கில், 1998 ஜனவரி 17 அன்று சத்தியம் செய்துவிட்டு, லெவின்ஸ்கியுடன் பாலுறவு இல்லை என்று சொன்னார். அது பொய் என்று கண்ட நீதிபதி, 1999 ஏப்ரலில் அவர் நீதிமன்றத்தை அவமதித்தார் என்று தீர்ப்பளித்தார். லெவின்ஸ்கி வெள்ளை மாளிகையில் பயிற்சிப் பணிக்கு வந்த இளம்பெண், கிளிண்டன் அதிபர். அந்த ஏற்றத்தாழ்வை அன்று பேசியவர்கள் குறைவு.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் நீதிக்குழுத் தலைவராக இருந்து, கிளிண்டனைப் பதவிநீக்கும் விசாரணையை முன்னின்று நடத்தியவர் ஹென்றி ஹைட். மணமான பெண்ணொருவருடன் தமக்கிருந்த பழைய தொடர்பு வெளியானபோது அதை இளமைக்காலத் தவறு என்றார். தொடர்பு தொடங்கியபோது அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. சபாநாயகராக இருந்த நியூட் கிங்ரிச்சும் அதே காலத்தில் மனைவியல்லாத பெண்ணுடன் உறவில் இருந்ததை 2007இல் ஒப்புக்கொண்டார். நாங்கள் கேட்டது பொய்ச்சாட்சியைப் பற்றி, உறவைப் பற்றி அல்ல என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு, ஆனால் அன்று மேடைகளில் ஓங்கி ஒலித்தது உறவுதான். அடுத்த சபாநாயகராகத் தேர்வாகியிருந்த பாப் லிவிங்ஸ்டனின் உறவுகளும் வெளிவந்தன. 1998 டிசம்பர் 19 அன்று சபையில் கிளிண்டனைப் பதவி விலகச் சொன்னவர், அதே பேச்சில் தாமும் விலகுவதாக அறிவித்தார். பிறருக்கு வைத்த அளவுகோலைத் தமக்கும் வைத்த அவரை நான் மதிக்கிறேன்.

அப்படிக் காலியான நாற்காலிக்கு, கறைபடாதவர் என்று கருதப்பட்ட டென்னிஸ் ஹாஸ்டர்ட் வந்தார். 2007 வரை சபாநாயகர். அதற்கு முன் இல்லினாய் மாநிலப் பள்ளி ஒன்றில் மல்யுத்தப் பயிற்சியாளர்.

2010இல், தம் பழைய மாணவர் ஒருவருக்கு 35 லட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டார். முதலில் ஐம்பதாயிரம் ஐம்பதாயிரமாக 15 முறை வங்கியிலிருந்து எடுத்தார். பத்தாயிரம் டாலருக்கு மேல் ரொக்கமாக எடுத்தால் வங்கி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 2012இல் வங்கி கேள்வி கேட்டதும், பத்தாயிரத்துக்குள் நிற்கும்படி நூறு தடவைக்கு மேல் பிரித்துப் பிரித்து எடுத்தார். அறிக்கையைத் தவிர்க்க இப்படிப் பிரிப்பதே அங்கு குற்றம். பிடிபட்டது அதில்தான்.

2015இன் குற்றப்பத்திரிகையில், பணம் கொடுத்த காரணம் கடந்தகாலத் தகாத நடத்தை என்று மட்டுமே இருந்தது. அந்த நடத்தை, பயிற்சியாளராக இருந்தபோது பள்ளிச் சிறுவர்களுக்கு அவர் செய்த பாலியல் கொடுமை. அதை வழக்காக்கச் சட்டத்தின் காலவரம்பு எப்போதோ கடந்துவிட்டது. வங்கிக் குற்றத்துக்கு 15 மாதச் சிறை. 2016 ஏப்ரல் 27, தண்டனை அறிவிக்கும் நாளில், பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், நீதிமன்றத்தில் எழுந்து நின்று தமக்கு நேர்ந்ததைச் சொன்னார்.