அப்பத்தாவின் காதும் என் அடுப்பும்

ஜூலை 3, 2025, வியாழன்

செவ்வாய்க்கிழமை மதுரையில் அப்பத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து, நேற்று காரைக்குடிப் பக்கத்தில் எங்கள் ஊரான பள்ளத்தூர் வந்து சேர்ந்தோம். குனியக்கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, அடுப்புப் பக்கமே போகக்கூடாது. ஆக, அடுத்த பரிசோதனை வரை சமையல் நான். பெங்களூரில் ஆறு வருஷம் மெஸ்ஸில் சாப்பிட்ட உடம்பு, வெந்நீரும் ஆம்லெட்டும்தான் தெரியும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள், தப்பிக்கவும் வழியில்லை.

இன்று சோறு. ஒரு பங்கு பொன்னி புழுங்கல், மூன்று பங்கு தண்ணீர், நாலு விசில். இதில் என்ன தப்பு நடக்க முடியும்? விசிலே வரவில்லை. மூடி ஓரத்தில் புஸ் புஸ் என்று ஆவி போய்க்கொண்டிருந்தது, நான் அதைத்தான் நல்ல சகுனம் என்று நினைத்து நின்றிருந்தேன். தீய்ந்த வாடை அடித்த பிறகுதான் பார்த்தால், மூடியின் ரப்பர் கழுவின இடத்திலேயே தொங்குகிறது. மேலாக இருந்த சோற்றை எடுத்துத் தயிர் ஊற்றிச் சாப்பிட்டோம். அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை, ஊறுகாய் மட்டும் இன்னொரு தடவை கேட்டாள்.

ஜூலை 7, திங்கள்

காரைக்குடி சந்தைக்குப் போனேன். சின்ன வெங்காயம், வெண்டைக்காய், நாட்டுக் கத்தரிக்காய். கூடவே கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு எல்லாம் நூறு நூறு கிராம். செட்டிநாட்டுச் சமையல் என்றால் இதெல்லாம் இல்லாமலா? பையை மோந்து பார்த்த அப்பத்தா, "யாரு வீட்டுல கல்யாணம் அப்பு?" என்றாள். கறிக்குழம்புக்குக் கல்பாசி ஒரு சிட்டிகை போதுமாம், நான் வாங்கினது ரெண்டு வருஷத்துக்கு வரும். வெளியூர் ஓட்டல்களில் 'செட்டிநாடு' என்று போர்டு வைத்து மிளகும் மசாலாவும் கொட்டிக் கண்ணில் தண்ணீர் வரவைக்கிறார்களே, அதை நம்பிச் சந்தைக்குப் போனது என் தப்பு. சின்ன வயசில் இந்த வீட்டில் தினமும் சாப்பிட்டது இளங்குழம்பும் மண்டியும் மசியலும்தான். அது எப்படி மறந்தது என்று தெரியவில்லை.

ஜூலை 9, புதன்

வெண்டைக்காய் மண்டி. இதை விவரமாகவே எழுதி வைக்கிறேன், பிறகு எனக்கே உதவும்.

அரிசி களைகிற முதல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், இரண்டாவது தண்ணீர்தான் கழுநீர். அதில் புளியைக் கரைக்க வேண்டும். எலுமிச்சை அளவு என்று எங்கோ படித்ததைச் சொன்னேன். "பழம்புளி, கறுத்துக் கெடக்கு, பாதி போதும்" என்றாள் அப்பத்தா. சரி. மண்டிக்குப் பொடி எதுவும் கிடையாது, அந்தக் கழுநீரே கொதித்துக் குழம்பைக் கெட்டியாக்கிவிடும்.

நான் வெண்டைக்காயை நறுக்கிவிட்டுக் கழுவினேன். கை முழுக்கக் கோழை, கத்தி வழுக்குகிறது, பாத்திரத்தில் கஞ்சி மாதிரி ஒன்று. முதலில் கழுவி, துணியில் ஈரம் போகத் துடைத்து, அப்புறம்தான் கத்தி வைக்கணுமாம். புதிதாகக் கால் கிலோ எடுத்து மறுபடி ஆரம்பித்தேன்.

அப்பத்தா இரண்டாங்கட்டில், அதாவது வீட்டின் இரண்டாவது முற்றத்துப் பக்கம், நாற்காலி போட்டு, கறுப்புக் கண்ணாடியோடு, அடுப்படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். நல்லெண்ணெய் ஊற்றினேன், கடுகு போட்டேன், உடனே உளுந்தையும் போட்டேன்.

"கடுகு இன்னும் வெடிக்கலையே, அதுக்குள்ள என்ன அவசரம்?"

இருபதடி தூரம். அங்கிருந்து எப்படிக் கேட்டது என்றே புரியவில்லை. அதோடு விடவில்லை. வெங்காயமும் பூண்டும் வதங்கும்போது "சத்தம் அடங்கிப்போச்சு, தீயைக் கூட்டு", வெண்டைக்காயைப் போட்டதும் "மூடாதே, கோழை நிக்கும்", கழுநீர் கொதிக்கையில் "இன்னும் தண்ணிச் சத்தம்தான் கேக்குது". கடைசியில் சளசளப்பு போய், கனத்த குமிழி ஒவ்வொன்றாகப் பொத் பொத்தென்று உடைந்தது. அவள் சொல்லும் முன்பே அடுப்பை அணைத்தேன். முதுகு திரும்பாமலே "ம்" என்றாள். மண்டி நன்றாக இருந்தது, உப்பு மட்டும் ஒரு கல் தூக்கல்.

ஜூலை 12, சனி

சொட்டு மருந்துக்கு போனில் அலாரம் வைத்திருக்கிறேன், பருப்பு வேகவும் அதே ஒலி. இன்று இரண்டும் சேர்ந்து அடித்ததில் மருந்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். பருப்பு குழைந்துவிட்டது. சாப்பிட்டோம்.

ஜூலை 15, செவ்வாய்

கடையில் வாங்கின இடியாப்பத்துக்குக் கத்தரிக்காய் கோசமல்லி. காயை வேகவைத்துத் தோலுரித்து, புளித்தண்ணீரில் கையாலேயே பிசைந்து, வெங்காயம் பச்சைமிளகாய் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. இவ்வளவு சுலபமான ஒன்றை விட்டுவிட்டு ஆறு வருஷம் பாக்கெட் தக்காளித் தொக்கு தின்றிருக்கிறேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி, அதனால் வெள்ளைப் பணியாரம் வேண்டும் என்று அப்பத்தாவின் ஆசை. அளவு கேட்டேன். ஆழாக்கு நிறையப் பச்சரிசியைத் தலைதட்டி, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிக்கணும், அவ்வளவுதான். கோபுரம் எத்தனை கிராம்? தராசில் மூன்று தடவை நிறுத்தேன், மூன்று எடை வந்தது. "நிக்கிற வரைக்கும்தான் அளவு. சரிஞ்சதை அள்ளி வைக்காதே" என்றாள். தராசை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

ஊறவைத்து நைசாக அரைத்து, உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை. புளிக்க விடாமல் உடனே சுட வேண்டும், எண்ணெயில் ஒவ்வொன்றாக. முதல் கரண்டி மாவு அப்பளம் மாதிரி பரந்து, எண்ணெயைக் குடித்துக்கொண்டு கிடந்தது. இரண்டாங்கட்டிலிருந்து குரல்: "மாவு தண்ணியாயிருச்சு, ஒரு கரண்டி அரிசிமாவு போட்டுக் கலக்கு." கலக்கினேன். அடுத்தது நடுவில் புடைத்து எழும்பியது, ஓரம் மட்டும் லேசாக முறுகல். நாலு பணியாரம் உருப்படி, மூன்று தட்டை. தட்டைகளை நான் எடுத்துக்கொண்டேன்.

நாளை மதுரையில் பரிசோதனை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டால் நேராக அடுப்படிக்குத்தான் வருவாள். சுவரெல்லாம் எண்ணெய், குக்கரின் அடியில் இன்னும் ஜூலை மூன்றாம் தேதிக் கறுப்பு. தேங்காய் நார் எங்கே வைத்தேன் என்று தேட வேண்டும்.