கூச்சி: புகை காட்டாத அடுப்பு

வியட்நாமின் ஹோ சி மின் நகரிலிருந்து விடிகாலையில் கிளம்பிய வேன், வடமேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் ஓடி, கூச்சி மாவட்டத்துப் பென் டின் என்ற இடத்தில் எங்களை இறக்கிவிட்டபோது, மரங்களுக்கு அப்பாலிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தோட்டாக்களைக் காசு கொடுத்து வாங்கி, போர்க்காலத் துப்பாக்கிகளால் சுட்டுப் பார்க்கும் சுற்றுலாப் பயணிகளின் சத்தம் அது. நாங்கள் அங்கிருந்த மூன்று மணி நேரமும் அது ஓயவில்லை. போர்க்காலத்தில் நிலத்தடிச் சுரங்கங்களுக்குள் ஓசையும் புகையும் வெளியே தெரியாமல் வாழ்ந்தவர்களின் இடத்தில் இப்படியொரு கேளிக்கையா என்ற எரிச்சல் எனக்குக் கடைசிவரை போகவில்லை.

இந்தச் சுரங்கங்களை வெட்டும் வேலை, பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துப் போரிட்ட 1940களிலேயே தொடங்கிவிட்டது. 1960களில் அமெரிக்கர்களையும் தென் வியட்நாமின் சைகோன் அரசையும் எதிர்த்த விடுதலை முன்னணிப் போராளிகளும் கிராமத்து மக்களும் அவற்றை நீட்டி, ஒன்றோடொன்று இணைத்து, 200 கிலோமீட்டருக்கும் அதிகமான வலைப்பின்னலாக ஆக்கினார்கள். பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது; கைக்கொத்தும் மூங்கில் கூடையும்தான். ஈரத்தில் வெட்டுவதற்கு இளகிக் கொடுத்து, காற்றுப் பட்டதும் இறுகிவிடும் செம்மண் அவர்களுக்குத் துணை நின்றது. தோண்டிய அத்தனை மண்ணையும் எதிரியின் விமானத்துக்குத் தெரியாமல் எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்ற கேள்வி எனக்கு முதலிலேயே எழுந்தது. ஆனால் வழிகாட்டி இளைஞர் வேகமாக முன்னே போய்க்கொண்டிருந்தார்.

ஓரிடத்தில் நின்று, காலால் சருகுகளை விலக்கி, ஒரு பலகையைத் தூக்கினார். ஒரு சாப்பாட்டுத் தட்டை விடச் சற்றே பெரிய, நீள்சதுரத் துவாரம் தெரிந்தது. அவர் இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி உள்ளே இறங்கி, பலகையைத் தன் தலைமேல் மூடிக்கொண்டதும், சில நொடிகளுக்கு முன் அவர் நின்ற இடம் எது என்று எங்களில் ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நானும் முயன்றேன், இடுப்போடு சரி.

எல்லோரும் கூர்மூங்கில் பொறிகளைப் படமெடுக்கக் கூடியபோது, என் மனம் சமையலறையிலேயே நின்றுவிட்டது. ஹுவாங் காம் அடுப்பு என்று அதற்குப் பெயர். பிரெஞ்சுப் போர்க்காலத்தில் அதை வடிவமைத்த ராணுவச் சமையற்காரரின் பெயர் அது. தரைமட்டத்துக்குக் கீழே அடுப்புக் குழி. அதிலிருந்து புகை நேராக மேலே போகாமல், கிளைகளும் இலைகளும் ஈரமண்ணும் போட்டு மூடிய கால்வாய்கள் வழியாகப் பக்கவாட்டில் நெடுந்தொலைவு ஊர்ந்து, போகப்போக ஆறி, மெலிந்து, தரையோடு தரையாகக் கசிகிறது. விடியுமுன் சமைத்துவிட்டால், அந்தக் கசிவு காலைப் பனிமூட்டத்தோடு கலந்துவிடும். மேலே வேவு விமானம் வட்டமிடும்போது கீழே ஒருவர் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருப்பார். அங்கிருந்த பொறிகள் அனைத்தையும்விட இதுவே பெரிய போர்த்தந்திரம் என்பது என் கருத்து.

மூச்சுக்காற்று வரும் மூங்கில் குழாய்களின் வாயைக் கரையான் புற்றுக்குள் மறைத்திருந்தார்கள். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகும் என்பார்கள். இங்கே புற்றையும் மனிதர்களே எடுத்து, மனிதர்களே குடிபுகுந்திருந்தார்கள். மோப்ப நாய்களை ஏமாற்ற, துவாரத்தருகே மிளகாய்ப்பொடி தூவினார்கள். பின்னர் அமெரிக்கச் சிப்பாய்கள் பயன்படுத்திய சோப்பையே அங்கே வைத்தபோது, நாய்கள் பழகிய வாசனை என்று கடந்துபோயினவாம். 1966இல் வந்த அமெரிக்க 25ஆம் காலாட்படைப் பிரிவு தன் பெரிய முகாமை இந்தச் சுரங்கங்களின் மேலேயே அமைத்துவிட்டு, இரவில் முகாமுக்குள்ளிருந்தே தன்னை யார் சுடுகிறார்கள் என்று தெரியாமல் திகைத்தது. 1967 ஜனவரியில் ஏறக்குறைய 30,000 படையினரையும் புல்டோசர்களையும் கொண்டு பக்கத்து வட்டாரத்தைச் சலித்த பிறகும் சுரங்கப் போர் முடிந்துவிடவில்லை.

பயணிகளுக்காக அகலப்படுத்திய பகுதியில்தான் நான் தவழ்ந்தேன். இருபது மீட்டர் போவதற்குள் முழங்கால் எரிந்தது, சட்டை முதுகோடு ஒட்டியது, முன்னால் போனவரின் செருப்பு மட்டுமே உலகமாகிவிட்டது. முதல் வெளிவழியிலேயே ஏறிவிட்டேன். குண்டுவீச்சு நாட்களில் இதைவிடக் குறுகலான இருளில், பூரான்களோடும் தேள்களோடும் நாள் முழுவதும் படுத்துக் கிடந்து, இரவில் மட்டும் வெளியே வந்து வயலைப் பார்த்தவர்களில், போர்க்காயங்களுக்கு அடுத்தபடியாக மலேரியாவே அதிகம் பேரைக் கொன்றது. குடற்புழு இல்லாதவர் அரிது.

முடிவில், ஒரு கொட்டகையில் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும், வேர்க்கடலையும் எள்ளும் உப்பும் சேர்த்து இடித்த பொடியும், தேநீரும் கொடுத்தார்கள். பல மாதங்கள் அவர்களுக்கு இதுதான் சோறு. அப்போதுதான் வழிகாட்டியிடம் என் கேள்வியைக் கேட்க முடிந்தது. கொஞ்சம் மண்ணை ஆற்றில் கரைத்தார்கள், கொஞ்சத்தை வரப்புகளில் சேர்த்தார்கள், மீதியைக் குண்டு விழுந்த பள்ளங்களில் கொட்டினார்கள் என்று சொன்னவர், "பள்ளத்துக்கு இங்கே பஞ்சமே இருந்ததில்லை" என்று சிரித்துவிட்டு, பொடிக்கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.