சிசிஎன்ஏ முதல் நைட் ஷிஃப்ட் வரை

ஐடி வேலைக்கான கோர்ஸ் ஒன்றில் சேருவதற்கு முன்னால் நான் செய்த உருப்படியான காரியம், நௌக்ரியையும் லிங்க்ட்இன்னையும் திறந்து வைத்துக்கொண்டு, சென்னையில் ஃப்ரெஷர்களுக்கு வந்த வேலை விளம்பரங்களை உட்கார்ந்து படித்தது. எதற்கு மவுசு என்று சீனியர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். விளம்பரத்தில் என்ன வேண்டும் என்று எழுதியே போட்டிருக்கும். கிளவுட் வேலைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு வருட அனுபவம் கேட்டார்கள். நெட்வொர்க் பக்கம் மட்டும் 'எல்1, ஃப்ரெஷர், ரொட்டேஷனல் ஷிஃப்ட், சிசிஎன்ஏ இருந்தால் நல்லது' என்று திரும்பத் திரும்ப வந்தது. எல்1 என்றால் முதல்நிலை சப்போர்ட் வேலை; சிசிஎன்ஏ என்பது நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ கம்பெனி தேர்வு வைத்துக் கொடுக்கும் அடிப்படைச் சான்றிதழ். இசிஇ படித்தவனுக்கு ஐபி அட்ரஸ் புதிதில்லை. சரி, சிசிஎன்ஏ.

வேளச்சேரியில் ஒரு சென்டருக்குப் போனேன். ஏசி அறை, காபி, எதிரே கவுன்சலர். "100 சதவீதம் பிளேஸ்மென்ட் சார், இன்னிக்கே கட்டினா 5,000 டிஸ்கவுன்ட்" என்றார். படிவத்தைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் 'பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்' என்றுதான் இருந்தது. அதாவது இன்டர்வியூவுக்கு அனுப்பி வைப்பார்கள், மீதி நம் பாடு. தேர்வுக் கட்டணம் ஃபீஸில் சேர்த்தியா என்று கேட்டேன். "அது தனி சார்." சிஸ்கோ வாங்குவது 300 டாலர், அதற்கு மேல் வரி வேறு. வீட்டில் கலந்துகொண்டு சொல்வதாகச் சொல்லி எழுந்துவிட்டேன்.

சேர்ந்தது ஒரு சின்ன இடத்தில், சனி ஞாயிறு வகுப்பு. பாடம் எடுத்தவர் வாரநாட்களில் ஒரு வங்கியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர். மூலையில் கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைக்கும் பழைய சிஸ்கோ சுவிட்சுகள் இருந்தன, அவற்றை அமைப்பதற்கான கன்சோல் கேபிளை நாமே செருகிப் பார்க்கலாம். வீட்டில் பேக்கெட் டிரேசர், அதாவது நெட்வொர்க்கை ஸ்கிரீனிலேயே கட்டிப் பழகும் சாஃப்ட்வேர். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால் இலவசம், என்னுடைய பழைய லேப்டாப்பிலும் ஓடியது. யூடியூபில் 'ஜெரமிஸ் ஐடி லேப்' சேனலில் முழுப் பாடமும் காசில்லாமல் கிடைக்கிறது. சுயமாக உட்காரத் தெரிந்தவர்களுக்கு அதுவே போதும் என்பது என் கட்சி. வகுப்புக்கு நான் கொடுத்த காசு, சந்தேகம் கேட்க ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக.

சிசிஎன்ஏவுக்கான 200-301 தேர்வு 120 நிமிடம். ஒரு கேள்வியை விட்டு நகர்ந்தால் திரும்பிப் போக முடியாது. அதனால் நெட்வொர்க்கைச் சிறு பிரிவுகளாகப் பிரிக்கும் சப்நெட்டிங் கணக்கு விரல்நுனியில் இருக்க வேண்டும். பதிவு செய்யும்போது நம்மூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, இனிஷியல். ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, மார்க்‌ஷீட்டில் இன்னொரு மாதிரி என்று இருந்தால், எந்த அடையாள அட்டையைக் கொண்டுபோகிறோமோ அதில் உள்ளபடியே பெயரைக் கொடுக்க வேண்டும். வாசலில் அதைத்தான் முதலில் சரிபார்க்கிறார்கள்.

தேர்வு பாஸான பிறகும் போன் உடனே அடிக்கவில்லை. அடித்த ஒன்றிரண்டும் 'ரீஃபண்டபிள் டெபாசிட்' கேட்ட கன்சல்டன்சிகள். வேலை கொடுக்கிறவன் நம்மிடம் பணம் கேட்டால் அது வேலையே இல்லை, போனை வைத்துவிடலாம். கடைசியில் கூப்பிட்டது, கூடப் படித்தவனின் அண்ணன் வேலை செய்யும் கம்பெனி. அவர் ரெஃபர் பண்ணியிருந்தார்.

டெக்னிக்கல் ரவுண்டில் இன்டர்வியூ எடுத்தவர் சான்றிதழைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒரு யூசர் போன் பண்ணி நெட் வரலைங்கறார். என்ன செய்வீங்க?" என்று கேட்டார். கேபிளைப் பார்க்கச் சொல்வேன், அப்புறம் ஐபி அட்ரஸைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளை என்றேன். "169.254-ல ஆரம்பிக்குது." தானாக ஐபி கொடுக்கும் டிஎச்சிபி கிடைக்கவில்லை என்றேன். "சரி, ஐபி வந்துடுச்சு." வெளியே போகும் வாசலான கேட்வேக்கு பிங் அடித்துப் பதில் வருகிறதா என்று பார்ப்பேன், அப்புறம் இன்டர்நெட்டில் உள்ள கூகுளின் 8.8.8.8-க்கு. "அதுவும் போகுது, ஆனா வெப்சைட் திறக்கல." அப்படியானால் வெப்சைட் பெயரை ஐபியாக மாற்றும் டிஎன்எஸ்ஸைப் பார்ப்பேன் என்றேன். பிறகு ஒரு தாளைத் தள்ளினார்: 192.168.10.77, /27. நெட்வொர்க் அட்ரஸ் எது? /27 என்றால் ஒரு பிரிவுக்கு 32 அட்ரஸ்; 32, 32-ஆக எண்ணினால் 77 இருக்கும் பிரிவு 64-ல் தொடங்கும். எழுதிக் கொடுத்தேன். "95-ஐ ஒரு பிசிக்குக் கொடுக்கலாமா?" முடியாது சார், அது பிராட்காஸ்ட், அந்தப் பிரிவில் எல்லாருக்கும் சேர்த்து அனுப்பும் அட்ரஸ். வகுப்பில் மாதக்கணக்கில் செய்ததில் அங்கே உதவியது லேபில் நானே கெடுத்துச் சரிசெய்து பார்த்தவைதான்.

வேலை எல்1, நெட்வொர்க் மானிட்டரிங். சம்பளம் தேர்ட் பார்ட்டி பேரோலில், அதாவது இடையில் உள்ள இன்னொரு கம்பெனி வழியாக, சுமார்தான். ஸ்கிரீனில் ஒரு லிங்க் சிவப்பானால் டிக்கெட் போட்டு, சர்வீஸ் புரொவைடருக்கு போன் செய்து, கரண்ட் போயிருக்கிறதா என்று கிளையில் விசாரிக்க வேண்டும். நைட் ஷிஃப்ட்டுக்கு கேப் உண்டு. ஆஃபர் லெட்டரில் நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்று இருந்ததைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன், ஒரிஜினல் சான்றிதழ்களை அவர்கள் கேட்கவில்லை.

சிசிஎன்ஏ மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். அதற்குள் அடுத்த படியான சிசிஎன்பியின் கோர் பேப்பர் 350-401-ஐ எழுதி பாஸானால் இதுவும் சேர்ந்து புதுப்பித்துக்கொள்ளும். கட்டணம் 400 டாலர். பாஸானால் கம்பெனி திருப்பிக் கொடுக்கும் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். மெயிலில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.