சென்சாரை மாற்றுவதற்கு முன்னால் கனெக்டரைப் பாருங்கள்

காலையில் கார் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் நன்றாக ஓடிச் சூடான பிறகு நிறுத்தி எடுத்தால் மக்கர் செய்கிறது, பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கிறது, பின்னால் கறுப்புப் புகை வேறு. இப்படி இருந்தால் எடுத்த எடுப்பில் இன்ஜெக்டரைக் கழற்றாதீர்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் எவ்வளவு சூடு என்று அளந்து சொல்லும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரையும் பாருங்கள். நான் இரண்டு வாரம் அலைந்த பிறகுதான் அங்கே வந்தேன்.

பெரும்பாலும் தெர்மோஸ்டாட் பக்கத்திலோ சிலிண்டர் ஹெட்டிலோ இருக்கும். சில வண்டிகளில் மீட்டர் முள்ளுக்கென்று தனியாக இன்னொன்று உண்டு, அதைக் கழற்றிவிட்டுக் குழம்ப வேண்டாம்.

எஞ்சின் முழுவதும் ஆறட்டும், அப்புறம் சென்சாரில் வயர் செருகியிருக்கும் கனெக்டரை உருவுங்கள். என் காரில் ஒரு பின் முழுக்கப் பச்சை பூத்திருந்தது! அந்தக் களிம்பு மின்தடையைக் கூட்டிவிடும், சூடு ஏற ஏற மின்தடை குறைவதுதான் இந்தச் சென்சாரின் குணம் என்பதால், எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று நினைத்து ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுகிறது. சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது.

சென்சாரையே சோதிக்க மல்டிமீட்டர் போதும். பல வண்டிகளில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் வரை காட்டும், 80 டிகிரியில் 300 பக்கம் இறங்கும், உங்கள் வண்டிக்கான அளவை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். ஈசியூவில் இருந்து அளவுகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் இருந்தால் இன்னும் எளிது: இரவு முழுக்க நின்ற வண்டியில் கூலன்ட் வெப்பமும் உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். மைனஸ் 40 காட்டினால் எங்கேயோ வயர் விட்டுப்போயிருக்கிறது.

சூட்டோடு ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள், தயவுசெய்து.