குஞ்சை எண்ணும் முன் பெற்றோரின் நேரத்தை அளந்து பாருங்கள்: கடற்பறவை ஆய்வில் இறங்கும் மாணவர்களுக்கு

கடற்பறவைகளை ஆய்வுக்கு எடுக்கும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே திட்டத்தோடு வருகிறார்கள். கூட்டுக்கு எத்தனை குஞ்சு தேறியது என்று எண்ணுவது, அதைக் கடல் வெப்பநிலையோடு வைத்து ஒரு வரைபடம் போடுவது. இரண்டு பருவம் போன பிறகு பார்த்தால் கோடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. உடனே "தாக்கம் எதுவும் இல்லை" என்று முடிவுரை எழுதிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். அந்தக் கோடு நேராக இருப்பதற்குத் தாயும் தந்தையும் தங்கள் ஓய்வு நேரம் முழுவதையும் செலவழித்திருக்கலாம்.

கடற்பறவைகள் நீண்ட ஆயுள் கொண்டவை. 1956இல் பசிபிக்கின் மிட்வே தீவில் அடையாளத்துக்காகக் காலில் வளையமிடப்பட்ட 'விஸ்டம்' என்ற லேசான் அல்பட்ராஸ் 2024இலும் முட்டையிட்டது. இத்தனை காலம் வாழும் பறவை ஒரு வருடக் குஞ்சுக்காகத் தன் உயிரைப் பணயம் வைக்காது. அதனால் இரை குறையும்போது மாற்றங்கள் ஒரு வரிசையில் தெரியும்: முதலில் பெற்றோர் இரை தேடும் நேரம் கூடும், அடுத்து குஞ்சின் எடை ஏறுவது மந்தமாகும், பிறகு குஞ்சுகள் தேறுவது குறையும், கடைசியில்தான் வளர்ந்த பறவைகள் சாகத் தொடங்கும். 2011இல் ஏழு கடல் சூழலமைப்புகளையும் 14 பறவை இனங்களையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு இதற்கு ஓர் எல்லைக்கோடு தந்தது. இரை மீன்களின் அளவு அதிகபட்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால்தான் இனப்பெருக்கம் சடசடவென்று சரிகிறது. உங்கள் பருவங்கள் எல்லாமே அந்தக் கோட்டுக்கு மேலே விழுந்திருந்தால், குஞ்சுக் கணக்கில் எதுவும் தென்படாது.

ஆகவே நேரத்தை அளந்து பாருங்கள். இதற்கு, முக்குளித்து மீன் பிடிக்கும் கில்லிமாட் மிகப் பொருத்தமான பறவை. பாறை விளிம்பில் ஒரே முட்டையிடும். குஞ்சுக்கு ஒரு தடவைக்கு ஒரே மீனை, அலகில் நீளவாக்கில் கவ்விக்கொண்டு வரும். மறைவிடத்திலிருந்து தெளிவாகத் தெரியும் 15 முதல் 20 இணைகளைத் தேர்ந்தெடுத்து, விடிந்ததிலிருந்து இருட்டும் வரை உட்கார்ந்து பாருங்கள். கண் சோர்ந்தால் வரவுகள் தவறும், அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்வது அவசியம். ஒவ்வொரு பறவையும் வந்த நேரம், போன நேரம், கொண்டுவந்த மீன் என்ன இனம், அலகின் நீளத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு நீளம் என்று குறியுங்கள். நீளத்தை ஆளுக்கு ஆள் வேறுவேறாகக் கணிப்பார்கள். பருவம் தொடங்கும் முன்பே அளவு தெரிந்த மீன்களின் படங்களை வைத்து எல்லோரும் பழகிக்கொள்ள வேண்டும்.

இந்தக் குறிப்புகளில் மிக மதிப்புள்ள எண், தாயும் தந்தையும் ஒன்றாக விளிம்பில் நிற்கும் நிமிடங்கள். அதுதான் அவற்றின் உபரி நேரம். இரை குறைந்தால் முதலில் கரைவது அதுதான். அது பூஜ்ஜியத்தைத் தொட்டதும் இரண்டு பெற்றோரும் ஒரே நேரத்தில் கடலுக்குப் போகத் தொடங்கும். ஸ்காட்லாந்தின் மே தீவில் 2007இல் அதுதான் நடந்தது: தனியே விடப்பட்ட குஞ்சுகளைப் பக்கத்து இணைகளே கொத்திக் கொன்றன.

மீன் எத்தனை வந்தது என்பதோடு நிறுத்தினாலும் ஏமாறுவீர்கள். 2004இல் வடகடலில் இனப்பெருக்கம் படுதோல்வி அடைந்தபோது குஞ்சுகளுக்கு வந்த மீன்களில் கொழுப்பும் ஆற்றலும் மிகக் குறைவாக இருந்தன. அதனால் விளிம்பில் தவறி விழும் மீன்களைப் பொறுக்கி, அளந்து, உடனே உறைய வைத்து, பிறகு ஆய்வகத்தில் ஆற்றல் மதிப்பைக் கண்டறியுங்கள்.

அடுத்தது, பறவை எங்கே போகிறது என்று பதிய அதன் உடலில் டேப்பால் ஒட்டும் ஜிபிஎஸ் கருவி. உடல் எடையில் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அது அல்பட்ராஸ், பெட்ரல் போன்ற பறக்கும் இனங்களை வைத்து வந்தது. கிட்டிவேக் என்ற 400 கிராம் கடற்காகத்துக்கு அது 12 கிராம். டேப்பின் எடையும் அதில் அடக்கம். முக்குளிக்கும் பறவைக்கு எடையைவிடத் தண்ணீரின் இழுவிசைதான் பெரிய தொல்லை. விதிக்குள் அடங்கும் கருவிகூடப் பயணத்தை நீட்டிவிடும். பிறகு நீங்கள் அளப்பது கடலின் விளைவையா, கருவியின் விளைவையா என்று பிரிக்கவே முடியாது. எனவே தொடாமல் விட்ட கூடுகளையும் அதே மறைவிடத்திலிருந்து கவனித்து இரண்டையும் ஒப்பிடுங்கள். அடைகாக்கும் காலத்தில் பிடித்தால் முட்டையைக் கைவிட்டுப் போகும் ஆபத்து அதிகம். குஞ்சு பொரித்துச் சில நாள் ஆனபின் பிடிப்பதே நல்லது. பகுப்பாய்வில் ஒரு கண்டிப்பு: 10 பறவைகளிடமிருந்து 60 பயணங்கள் கிடைத்தால் உங்கள் மாதிரி எண்ணிக்கை 60 ஆகிவிடாது; ஒரே பறவையின் பயணங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். எந்தப் பயணம் எந்தப் பறவையுடையது என்பதைப் புள்ளியியல் மாதிரியில் (model) தற்செயல் விளைவாகச் (random effect) சேர்க்காவிட்டால், இல்லாத உறுதி முடிவில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

கடல் தரவில்தான் பலர் வழுக்குகிறார்கள். செயற்கைக்கோள் படத்தில் பச்சையம் (கடலின் நுண்பாசிகளைக் காட்டும் நிறமி) மிகுந்த இடத்தை இரை மிகுந்த இடம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பச்சையத்துக்கும் மீனுக்கும் நடுவே வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இடைவெளி உண்டு. அந்தத் தொடர்பு அறுந்தும் போகலாம். ஆப்பிரிக்கப் பெங்குவின் இதற்கு வேதனையான சாட்சி. இளம் பறவைகள் முன்பு இரை கொழித்த, குளிர்ந்த, பச்சையம் மிகுந்த, தென்மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரப் பெங்குவேலா நீரைத் தேடி இன்றும் போகின்றன. மத்தியும் நெத்திலியும் அங்கே அருகிவிட்டன. 2024இல் அந்த இனம் மிக அருகிய நிலைக்குத் தள்ளப்பட்டது.

மேற்பரப்பு வெப்பநிலையும் தனியாகப் போதாது. எல் நினோ வரும்போது பெருவின் கரையோரம் மேலிருக்கும் சூடான நீரையும் கீழிருக்கும் குளிர்ந்த நீரையும் பிரிக்கும் வெப்பச்சரிவு அடுக்கு கீழே இறங்குகிறது, நெத்திலியும் ஆழத்துக்கும் வேறு இடங்களுக்கும் விலகுகிறது. மேற்பரப்புக்கு அருகில் மட்டுமே இரை பிடிக்கும் பெலிகனுக்கு அப்போது கடல் காலி. கிட்டிவேக்குக்கு மேல்மட்ட ஒரு மீட்டர்தான் எட்டும், கில்லிமாட் 100 மீட்டருக்கும் கீழே போகும். ஒரே தீவில் இந்த இரண்டையும் சேர்த்து ஆய்ந்தால், மீன் குறைந்ததா அல்லது ஆழத்துக்குப் போனதா என்பதைப் பிரித்துப் பார்க்க வழி கிடைக்கும்.

பயணம் குறுகினால் இரை கூடியது என்றும் உடனே சொல்லாதீர்கள். இந்தியப் பெருங்கடலின் தெற்கே உள்ள குரோசே தீவுகளின் 'அலையும் அல்பட்ராஸ்' இனப் பறவைகளுக்குத் தென்பெருங்கடலில் காற்று வலுத்ததால் வேகம் கூடியது, பயண நாட்கள் குறைந்தன, உடல் எடையும் ஏறத்தாழ ஒரு கிலோ கூடியது. காற்றுத் தரவைச் சேர்க்காமல் இதைப் படித்திருந்தால் விளக்கம் தவறியிருக்கும்.

குஞ்சுக் கணக்கையும் விட்டுவிடக் கூடாது. ஒழுங்காகச் செய்தால் போதும். எதால் வகுக்கிறீர்கள் என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள்: முட்டையிட்ட கூடுகளா, கட்டி முடித்த கூடுகளா? பருவத்தின் நடுவில் கண்டுபிடித்த கூடுகள் ஏற்கனவே பிழைத்து வந்தவை. அவற்றை அப்படியே சேர்த்தால் வெற்றி விகிதம் பொய்யாக உயரும். மேஃபீல்டு முறையில், கூடு உங்கள் பார்வையில் இருந்த நாட்களைக் கொண்டு தினசரிப் பிழைப்பு விகிதத்தைக் கணக்கிடுங்கள்.

வளர்ந்த பறவைகளின் பிழைப்பு ஓர் ஆய்வேட்டின் காலத்துக்குள் அடங்காது. ஆனால் அதை ஒதுக்கிவைக்கவும் முடியாது. 2014 முதல் 2016 வரை வடகிழக்குப் பசிபிக்கைச் சூடாக்கிய வெப்ப அலையில் சுமார் 62,000 கில்லிமாட்கள் கரையொதுங்கின; அலாஸ்காவில் மட்டும் இறந்தவை சுமார் 40 லட்சம் என்று 2024இல் மதிப்பிட்டார்கள். வண்ண வளையமிட்ட பறவைகள் பல ஆண்டுகளாக உள்ள குடியிருப்பில் சேர்ந்து வேலை செய்யுங்கள். ஒரு வருடம் கண்ணில் படாத பறவையை இறந்ததாகப் பதியாதீர்கள். மோசமான வருடத்தில் பல பறவைகள் இனப்பெருக்கத்தையே தவிர்த்துக் கடலில் தங்கிவிடும். பிடித்து-வளையமிட்டு-மீண்டும் காணும் புள்ளியியல் மாதிரியில், உயிரோடு இருக்கும் பறவை கண்ணில் படும் வாய்ப்பைத் தனியாகக் கணக்கிட்டால்தான் அவை இறந்தவற்றோடு கலக்காமல் இருக்கும்.