ஜூலை மாத வாசிப்பு: பாலாற்றுப் பக்கத்துப் புத்தகங்கள், மதிப்பெண்ணுடன்

ஜூலைக் கணக்கு இது. முழுதாக முடிந்தவை நான்கு, வேண்டிய பக்கங்களை மட்டும் படித்தது ஒன்று, பாதியில் நிற்பது ஒன்று. எல்லாம் சேர்த்து 50 மணி நேரம். ஒன்றைத் தவிர மற்றவை பழைய வட ஆற்காட்டோடு தொடர்புடையவை. அந்த ஒன்று திண்டுக்கல்லைச் சேர்ந்தது. அதை ஏன் சேர்த்தோம் என்பது அதன் இடத்தில் வரும்.

சொந்த ஊர்ப் புத்தகத்துக்கு மதிப்பெண் போடும்போது கை தாராளமாகிவிடும். பக்கத்தில் வாலாஜா என்றோ பேரணாம்பட்டு என்றோ கண்ணில் பட்டதும் மனசு ஒரு மதிப்பெண்ணைக் கூடவே போட்டுவிடும். அதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. மனசைத் தொட்ட பத்தியில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி, வாலாஜாவுக்குப் பதில் அரியலூர் என்று வைத்துப் படியுங்கள். அப்போதும் பத்தி நின்றால் அது எழுத்தின் பலம். தொய்ந்துவிட்டால் அது ஊர்ப்பாசம். அதனால் ஊர்ப் பெயர்கள் நிறைய வரும் இரண்டு நாவல்களுக்கும் இங்கே இரண்டு எண்: முதலில் ஊர்ப்பாசத்தோடு, பிறகு அதைக் கழித்து.

மதிப்பெண் பத்துக்கு. மொழிக்கு 4, சொல்வது நம்பும்படி இருக்கிறதா என்பதற்கு 3, திரும்ப எடுக்கத் தோன்றுமா என்பதற்கு 2, அச்சுக்கும் கட்டுக்கும் 1. முடித்த அன்று ஒரு தடவை, ஏழு நாள் கழித்து ஒரு தடவை போட வேண்டும். பட்டியலில் ஏறுவது இரண்டாவது எண்தான். முடித்த கையோடு போட்டால் கடைசி இருபது பக்கத்தின் சூட்டுக்கே மதிப்பெண் விழும், நடுவில் தொங்கிய நூறு பக்கம் மறந்துபோகும். ஜூலையில் இரண்டு புத்தகங்களுக்கு எண் இப்படி இறங்கியது, ஒன்றுக்கு ஏறியது.

வாசிப்பு நோட்டில் பக்கத்தை எண்ணாமல் நிமிடத்தை எழுதுங்கள். டெம்மி அளவுப் பக்கத்தில் அடங்குவது கிரவுன் அளவில் ஒன்றரைப் பக்கத்துக்கு நெருங்கும். எழுத்தின் அளவும் வரி இடைவெளியும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். 'இன்று 60 பக்கம்' என்பதை வைத்துப் போன மாதத்தோடு ஒப்பிடவே முடியாது. நோட்டில் நாலு கட்டம் போதும்: தேதி, தொடங்கிய பக்கம், நிறுத்திய பக்கம், நிமிடம்.

மலைபடுகடாம் (15 மணி நேரம்)

இந்த மாதத்தின் பெரிய வேலை இதுதான். பத்துப்பாட்டில் ஒன்று, 583 வரி. கூத்தராற்றுப்படை என்றும் பெயர். பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன், அதாவது இன்றைய செங்கம். பாட்டில் வரும் நவிர மலையைப் பர்வதமலை என்கிறார்கள். சேயாறு இன்றும் அதே பெயரில் செய்யாறாக இருக்கிறது.

ஒரு நாளைக்கு 20 வரி என்று போட்டால் 29 நாளில் 580 வரி, கடைசி நாளில் மிச்ச மூன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். காகிதத்தில் இந்தத் திட்டம் அழகாக இருக்கும், மூன்றாம் நாளே உடையும். காரணம் பாட்டின் வாக்கியம். தொடக்கத்தில் இசைக் கருவிகள் ஒவ்வொன்றாக வரும்: முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, குழல், எல்லரி, பதலை. அவற்றைப் பையில் கட்டித் தூக்கிவரும் கூட்டம், அவர்கள் ஏறிவரும் வழி, கூட வரும் விறலியர், எல்லாம் நீண்டுகொண்டே போகும். 'கூத்தர் தலைவனே' என்று கூப்பிடுவது 50ஆம் வரியில்தான். இருபதில் நிறுத்தினால் எழுவாய் ஒரு நாளிலும் முடிப்பு இன்னொரு நாளிலும் கிடக்கும். வரிக்கணக்கை விட்டுவிட்டு உரையாசிரியர் பொருள் பிரித்திருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். சில நாள் எட்டு வரி, சில நாள் ஐம்பது. நேரம் மட்டும் அரை மணி.

உரை விஷயத்திலும் வரிசை முக்கியம். நச்சினார்க்கினியர் உரையை முதலில் எடுக்க வேண்டாம். தூரத்தில் கிடக்கும் சொற்களைக் கொண்டுவந்து கூட்டிப் பொருள் சொல்வது அவர் வழக்கம். மூலம் மனசில் ஏறாதவருக்கு அது குழப்பத்தையே தரும். முதலில் மூலத்தைச் சத்தமாக ஒரு தடவை, பிறகு எளிய தெளிவுரை, மறுபடி மூலம். சந்தேகம் மிஞ்சிய வரிக்கு மட்டும் பழைய உரை. அரை மணி நேரத்தில் இந்த நாலும் அடங்கும்.

பாட்டின் உயிர் வழி சொல்வதில் இருக்கிறது. பரிசு வாங்கித் திரும்புகிறவன் எதிரே வருகிறவனுக்கு மலைப்பாதையை விளக்குகிறான். எங்கே தங்கலாம், என்ன சாப்பாடு கிடைக்கும், நவிரத்தில் எந்தக் கடவுள், எந்த ஆறு, எந்த ஊர் என்று சொல்லப்போவதை முன்கூட்டியே வரிசைப்படுத்திவிடுகிறான். பிறகு ஒவ்வொரு ஆபத்தாக வருகிறது. குறுகலான தடத்தில் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், அதனால் விடிந்த பிறகு போங்கள். கவண் கல் பறந்து வரும், மரத்தில் மறைந்து நகருங்கள். பாசி மூடிய வழுக்கலில் மெல்லிய மூங்கிலையும் கோரைத் தண்டையும் பிடித்துக்கொண்டு கடந்துவிடுங்கள். ஜவ்வாது மலைத் தடத்தில் மழைக்காலத்தில் நடந்தவர்களுக்கு இந்தக் கடைசி வரி உள்ளங்காலில் படும்.

கவர்த்த வழிகள் வரும் இடம் இன்னும் நுட்பமானது. அங்கே வீரர் பெயர் எழுதிய நடுகற்கள் நிற்கும். வழி தெரிந்துவிட்டால் அந்தச் சந்தியைத் துடைத்து, பின்னால் வருகிறவர்களுக்காகப் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள் என்கிறான். இதே செங்கம் வட்டாரத்தில்தான் நடுகற்கள் கூட்டமாகக் கிடைத்தன. 'செங்கம் நடுகற்கள்' என்று தொல்லியல் துறை 1972இல் தனி நூலே போட்டது. நடுகல் வரும் பகுதியைப் படிக்கும் வாரத்தில் அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாட்டு புத்தகத்தை விட்டு இறங்கி வெளியே வந்துவிடும்.

ஊர்ப் பெயரை மாற்றிப் படிக்கும் சோதனையே இங்கே தேவைப்படவில்லை. எந்த மலையாக இருந்தாலும் அந்தப் புல் முடிச்சு நிற்கும். முடித்த அன்று 8.5, ஏழு நாள் கழித்து 9. ஒரு மதிப்பெண் குறைந்தது பதிப்புக்கு: மலிவுப் பதிப்பில் சீர் பிரிக்காமல் அச்சிட்டிருந்தார்கள். வாங்கும் முன் கடையிலேயே நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து சீர் பிரிந்திருக்கிறதா, வரி எண் ஐந்துக்கு ஐந்து போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வரி எண் இல்லாத பதிப்பை வைத்துக்கொண்டு இரண்டு உரைகளை ஒப்பிடவே முடியாது.

அகல்விளக்கு, மு. வரதராசன் (9 மணி நேரம்)

மு.வ. நம் பக்கத்துக்காரர். திருப்பத்தூரில் 1912இல் பிறந்தவர், வாலாஜாவுக்குப் பக்கத்து வேலம் அவர் ஊர். இந்த நாவலுக்கு 1961இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. வாலாஜாவில் தொடங்கும் கதை, சந்திரன் என்ற சுடர்விடும் பையனையும் அவன் நண்பன் வேலய்யனையும் சுற்றிப் போகிறது. கதை சொல்வது வேலய்யன். முடிவை இங்கே சொல்லப் போவதில்லை.

நிதானமான ஒருவனைக் கதைசொல்லியாக வைத்தது நல்ல முடிவு. சந்திரனை நாம் எப்போதும் பக்கவாட்டில் நின்றுதான் பார்க்கிறோம். அவன் மனசுக்குள் போக முடியாததே பதற்றத்தைக் கூட்டுகிறது. ஆனால் பேச்சு முழுக்கத் திருத்தமான எழுத்துத் தமிழ். வாலாஜாச் சந்தைக்குப் போய்விட்டு வந்தவர் வாயில் இந்த நடை வராது. அறிவுரை தலைதூக்கும் பக்கங்கள் நடுவில் நிறைய. அந்த இடங்களில் ஊர்ப் பெயரை மாற்றிப் பார்த்தால் ஒன்றுமே மாறவில்லை, எந்த ஊரிலும் சொல்லக்கூடிய அறிவுரை அது. ஊர்ப்பாசத்தோடு 8, இல்லாமல் 6.5. படிக்கலாமா என்றால் கட்டாயம் படிக்கலாம். ஒரே மூச்சில் வேண்டாம், நாளுக்கு 40 பக்கத்துக்கு மேல் போனால் அறிவுரை காதில் ஏறாது.

தகப்பன் கொடி, அழகிய பெரியவன் (6 மணி நேரம்)

பேரணாம்பட்டைச் சேர்ந்தவர் எழுதியது, 2001இல் வந்தது. நிலம் கைவிட்டுப் போன ஒரு தலித் குடும்பத்தின் கதை. மு.வ.வை முடித்த மறுநாளே இதை எடுத்தது வேண்டுமென்றே. ஒரே மாவட்டம், இடையில் நாற்பது சொச்சம் வருஷம், தமிழ் முற்றிலும் வேறு. இங்கே பேச்சில் வட ஆற்காடு நேராகக் கேட்கிறது. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ படிக்கிறவர்களுக்கு முதல் முப்பது பக்கம் தடுக்கலாம். அகராதியைத் தேடாமல் வாய்விட்டுப் படியுங்கள், பாதிச் சொல் ஓசையிலேயே புரிந்துவிடும்.

நிலத்தைப் பற்றிய பகுதிகள் ஊர்ப் பெயரை எடுத்தாலும் அசையவில்லை. 8.5, கழித்தால் 8. இரண்டு எண்ணும் இவ்வளவு நெருங்கி வந்த நாவல் இந்த மாதம் இது மட்டும்தான். நாவலாக எதை முதலில் எடுக்கலாம் என்றால் இதைத்தான் கையில் கொடுப்போம்.

வலி பற்றிய பால் பிராண்டின் புத்தகம் (11 மணி நேரம்)

'பெயின்: தி கிஃப்ட் நோபடி வாண்ட்ஸ்', பிலிப் யான்சியோடு சேர்ந்து 1993இல் எழுதியது. பிராண்டு 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து, தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையில் நிமிர்த்தியவர். முன்கையில் நன்றாக வேலை செய்யும் தசையின் நாணை எடுத்து விரல்களோடு இணைக்கும் முறை அது. கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரிப் பக்கம் போகிறவர்களுக்குப் பெயர் பழக்கமானதுதான்.

புத்தகத்தின் நடுக்கரு ஒன்றுதான்: தொழுநோயில் விரல் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயப்பட்டுக் காயப்பட்டுத் தேய்கிறது. துருப்பிடித்த பூட்டைத் திறக்க பிராண்டு திணறுகிறார். ஒரு நோயாளிப் பையன் சாவியை வாங்கிச் சட்டென்று திருப்பிவிடுகிறான். அவன் விரலிலிருந்து ரத்தம் சொட்டுகிறது, சதை கிழிந்து எலும்பு தெரிகிறது, அவனுக்குத் தெரியவே இல்லை. ராத்திரியில் தூங்குகிறவர்களின் விரலை எலி கடித்துவிட்டுப் போனதும், அதற்காகப் பூனை வளர்த்ததும் அதே தொடர்ச்சி. அந்தப் பூட்டுப் பக்கத்தைப் படித்தவர்கள் அடுத்த தடவை சாவியைத் திருப்பும்போது விரல் தானாக நிதானிப்பதைக் கவனிப்பார்கள்.

கடைசிப் பகுதி வலியோடு எப்படி வாழ்வது என்ற யோசனையாக மாறுகிறது. முன்பகுதியின் வேகம் அங்கே இல்லை. முடித்த அன்று 9, பிறகு 8. ஆங்கிலம் எளிமைதான். மருத்துவச் சொற்களுக்காக நிறுத்தாதீர்கள், ஒரு கையை விரித்து வைத்துக்கொண்டு அவர் சொல்லும் விரலை மடக்கிப் பார்த்தாலே போதும். காட்பாடி – சென்னை ரயிலில் படிக்க ஏற்ற அத்தியாய நீளம்.

வட ஆற்காடு மேனுவல் (5 மணி நேரம், பகுதி மட்டும்)

ஆங்கிலேய அதிகாரி ஆர்தர் காக்ஸ் 1881இல் தொகுத்த மாவட்டக் கையேடு. இதற்கு மதிப்பெண் கிடையாது. அட்டவணை நூலை நாவல் அளவுகோலில் அளப்பது இரண்டுக்கும் அநியாயம். பயன்படுத்தும் முறை மட்டும் இங்கே.

இணையத்தில் கிடைக்கும் ஸ்கேனில் தேடுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் எல்லை. அன்றைய வட ஆற்காட்டின் தலைநகரம் சித்தூர். காளஹஸ்தி, சந்திரகிரி, பலமனேர் எல்லாம் இதற்குள் இருக்கும். வாணியம்பாடியைத் தேடினால் தனி விவரம் கிடைக்காது, திருப்பத்தூர் தாலுகாவோடு அது சேலம் மாவட்டத்தில் இருந்தது. திருவண்ணாமலை தென்னாற்காட்டில் இருந்தது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமான பிறகுதான் இவை நம் பக்கம் வந்தன. அடுத்தது எழுத்துக்கூட்டல்: வந்தவாசி என்று தேடாதீர்கள், வாண்டிவாஷ் என்றால்தான் வரும். ஒவ்வொரு ஊருக்கும் ஆங்கிலத்தில் மூன்று விதமாவது தட்டிப் பாருங்கள். ஸ்கேனில் மங்கிய எழுத்தைக் கணினி தவறாகப் படித்திருக்கும், தேடல் கைவிட்டால் பொருளடக்கம் வழியாகப் போவதே வேகம்.

1806 ஜூலை 10 வேலூர்க் கோட்டைச் சிப்பாய்க் கிளர்ச்சியை இதில் மட்டும் படித்து நிறுத்தக் கூடாது. புதிய தலைப்பாகையும் நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் வந்த தடையும் சிப்பாய்களை எவ்வளவு காயப்படுத்தின என்பதற்கு, அரசு அதிகாரி தொகுத்த நூலில் முழுப் பதில் எதிர்பார்க்க முடியாது. கிளர்ச்சியை அடக்க ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்த வழியை வரைபடத்தில் விரல் வைத்துத் தொடர்ந்து பாருங்கள். சுமார் 25 கி.மீ. தூரம். ஒரே காலையில் எல்லாம் எப்படி முடிந்தது என்பது அப்போதுதான் பிடிபடும்.

தோல், டி. செல்வராஜ் (4 மணி நேரம், பாதியில்)

2012இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது, திண்டுக்கல் தோல் தொழிலாளர்களின் கதை. ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு வாசகர் இதை விட்டுவிடக் கூடாது என்பதால் பட்டியலில் வந்தது. சுண்ணாம்புக் குழியின் நாற்றம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். 'தகப்பன் கொடி' முடிந்த கையோடு எடுத்ததுதான் தவறு. ஒரே மாதிரி வேதனை அடுத்தடுத்து வரும்போது இரண்டாவது புத்தகம் முதலாவதின் நிழலில் மங்கும். நடுவில் பத்து நாள் இடைவெளி வேண்டும். எண் ஆகஸ்ட் பட்டியலில்.

தடிமனான புத்தகம் என்பதால் கட்டு பற்றியும் ஒரு வார்த்தை. பசை வைத்து ஒட்டிய முதுகை எடுத்ததும் விரித்து அழுத்தினால் நடுவில் பிளக்கும். மேசையில் முதுகு கீழே படும்படி நிறுத்தி, முன்னால் இருபது பக்கம், பின்னால் இருபது பக்கம் என்று மாறி மாறிப் படியவைத்து நடுவுக்கு வாருங்கள். வேலூர் வெயிலில் ஜன்னலோரமோ வண்டிப் பெட்டியிலோ வைத்த புத்தகத்தை உடனே திறக்காதீர்கள், இளகிய பசையிலிருந்து தாள் கழன்று வரும். நிழலில் ஒரு மணி நேரம் ஆறட்டும்.

ஆகஸ்டுக்கு: 'தோல்' மிச்சப் பாதி, பிறகு நந்திக் கலம்பகம், வந்தவாசிப் பக்கத்துத் தெள்ளாற்றில் வென்ற பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனைப் பாடியது. பாட்டுக்குப் பாட்டு தனியாக நிற்பதால் நாளுக்கு நான்கு என்று தயங்காமல் திட்டம் போடலாம்.